பதினேழாம் சீட்டு

ஜூன் 3

மதிப்பிற்குரிய பொறுப்பாளர் அம்மாவுக்கு,

என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்திருப்பதாக நம் நிகழ்ச்சியை மைக்கில் படிக்கும் விசில் சொன்னாள். “கடுதாசி எழுதுங்க தாத்தா. அக்கா திட்டுவாங்களே தவிர, படிக்காம கிழிக்கிற ஆள் இல்ல” என்றும் அவளே சொன்னாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நீங்கள் இப்போது இருக்கும் உங்கள் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்ததும் அவள்தான். அதற்காகச் சின்னப் பெண்ணைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

வரிசை இல்லாமல் எழுதத் தொடங்கினால் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன். ஆகவே சொல்லப்போவதை முதலில் எண் போட்டுக்கொள்கிறேன்.

1. மே 24ஆம் தேதி ஒலிபரப்பில் நடந்தது.
2. அந்தச் சீட்டு யாருடையது என்று எனக்குத் தெரியாது. கைப்பழக்கத்தில் நேர்ந்த பிழை.
3. நீங்கள் என்னைப் பேசியதில் எனக்குள்ள ஒரு சிறு வருத்தம்.
4. நிகழ்ச்சி நின்றுபோனது.
5. மன்னிப்பு.

முதலாவது. இதில் உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். பெண்கள் பள்ளிக் கழிப்பறைச் சுவரில் நீங்கள் மாட்டிய தகரப் பெட்டியில் பெயரில்லாத சீட்டுகள் விழும். உடம்பைப் பற்றி வீட்டில் கேட்க முடியாத கேள்விகள். சனிக்கிழமை மதியம் நம் சமுதாய வானொலியில் ‘கேட்டால் என்ன?’ அரை மணி நேரம் அவற்றுக்குப் பதில் சொல்லும். வாசிக்கும் முன் நீங்கள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ‘குலுக்கல்’ செய்வீர்கள்: ஒருத்தியின் கேள்வி, இன்னொருத்தியின் வயது, மூன்றாமவளின் குடும்பம். கேட்டவள் யார் என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. நான் பார்க்க வேண்டியது மருத்துவ விவரம் சரியா என்பது மட்டும். பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பாடநூல் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்தியவன் என்பதால் என்னைக் கூப்பிட்டீர்கள். “டீச்சருங்க எல்லாம் தாண்டிப் போற அந்தப் பாடத்தை வருஷா வருஷம் ஒரு வரி விடாம படிச்ச ஒரே ஆள் நீங்கதான்” என்று சொல்லிச் சிரித்தீர்கள். பிள்ளைகள் எனக்குத் ‘திருத்தம் தாத்தா’ என்று பெயர் வைத்தார்கள்.

கோடை வகுப்பு நடந்த அந்த வாரம் பதினேழாம் சீட்டு. அடிவயிற்றில் வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல், விட்டுவிட்டுக் காய்ச்சல். புதன்கிழமை பெண்கள் கிளினிக்குக்குப் போனால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா? உங்கள் ஸ்கிரிப்டில் அவள் மளிகைக் கடைக்காரரின் ஒரே மகள். நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுச் சீட்டில் இருந்ததை எழுதினேன். அம்மா தையல் கூடத்தில் வேலை, இரட்டைத் தம்பிகள், மாலையில் பொத்தான் கடையில் நிற்கிறாள். விசில் அதை அப்படியே படித்தாள். தையல் கூடத்துச் சுவரில் நம் வானொலிக்கு ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. இரட்டைத் தம்பிகள் உள்ள பொத்தான் கடைப் பெண் நம் வட்டாரத்தில் ஒருத்திதான்.

இரண்டாவது. மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு இருந்தால் மூலத்தைப் பின்பற்று என்பதுதான் எங்கள் அச்சகத்து விதி. கை அதிலேயே ஊறியது. குலுக்கலை மறந்து கை தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவள் பதினேழு என்ற எண்.

மூன்றாவது. ஐந்து பிள்ளைகள் முன்னால், “இந்தக் கிழவரை யாரு உள்ள விட்டது?” என்றீர்கள். உள்ளே விட்டது நீங்கள்தான். அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. தோன்றுவது தவறாகவும் இருக்கலாம்.

நான்காவது. நிர்வாகக் குழு ‘மறு அறிவிப்பு வரை’ என்று எழுதி ஒட்டிவிட்டது. பெட்டியையும் கழற்றிவிட்டார்களாம். சுவரில் நான்கு திருகாணித் துளைகள் இருப்பதாக விசில் சொல்கிறாள்.

ஐந்தாவது. மூன்று முறை எழுதி அடித்தேன். நான்காவது முறை இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
திருத்துநர்


ஜூன் 11

ஐயா,

‘தாத்தா’ என்று எழுதக் கை வரவில்லை. மன்னிக்க வேண்டாம்.

உங்கள் பட்டியலைப் படித்தேன். ஐந்து எண் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பழக்கத்துக்கு ஒரு எண், உங்கள் வருத்தத்துக்கு ஒரு எண், திருகாணித் துளைக்குக்கூட ஓர் எண். அந்தப் பெண்ணுக்கு ஒரு எண்ணும் இல்லை. கவனித்தீர்களா? இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி?

கிழவர் என்று சொன்னது தப்புதான். அதை விட மோசமாகச் சொல்ல நினைத்தேன், வார்த்தை கிடைக்கவில்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை எனக்குத் தேர்வு. ஒலிபரப்புக்கு முன் ஸ்கிரிப்டை ஒரு தடவை புரட்டியிருக்கலாம். வழியில்தான் நிலையம். ஆனால் உங்கள் கையெழுத்து இருந்தால் நான் திரும்பப் படிப்பதில்லை. மற்ற யார் கையெழுத்து இருந்தாலும் படித்திருப்பேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு டீச்சர் நோட்டுக் கட்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, “டி.சி. வாங்கிட்டாங்க. எங்கன்னு என்கிட்ட கேக்காதே. நான் சொன்னேன்னும் சொல்லாதே” என்றார். நான் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

தையல் கூடத்துக்கும் போனேன். அவள் அம்மா மிஷினை விட்டுத் திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்று இரண்டு தடவை “அம்மா” என்றேன். “அவளுக்கு அம்மா செத்துட்டான்னு உன் ரேடியோவுல போடு போ” என்று சொல்லிவிட்டு ஊசி மாற்ற ஆரம்பித்தார்.

வெளியே வரும்போது காஜா போடுகிற அக்கா ஒருத்தி என் கூடவே வாசல் வரை வந்தாள். அன்றைக்கு நடந்ததை அவள்தான் சொன்னாள். “இரட்டைத் தம்பின்னு சொன்னதும் ஒரு மிஷின் நின்னுச்சு. பொத்தான் கடைன்னதும் ஒவ்வொண்ணா நின்னுச்சு. நாப்பது மிஷின்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் நிக்காம ஓடிட்டே இருந்துச்சு. அது அவளோடது. துணி முடிஞ்சுபோயும் ஓடிச்சு.”

உங்களுக்கு மூலம் முக்கியம் அல்லவா? மூலத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா? நம் பதில், “சொல்ல மாட்டாங்க, பயப்படாம போ.” அதைச் சொன்ன அதே வாயால் வீட்டுக்குச் சொன்னது நாம்தான்.

விசில் இனிமேல் மைக் முன்னால் உட்கார மாட்டேன் என்கிறாளாம். அதற்கும் ஓர் எண் போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் எழுதுங்கள். அந்த வலி சும்மா போகிற வலி இல்லை. வேறெதற்கும் எழுத வேண்டாம்.

முன்னாள் பொறுப்பாளர்


ஜூன் 17

பொறுப்பாளர் அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. ஐந்து எண்ணிலும் அவள் இல்லை. கடிதத்தின் நகலை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். (நகல் வைத்துக்கொள்கிறவன் நான், சிரிக்க வேண்டாம்.) இந்தக் கடிதத்தில் எண்ணே போடவில்லை, அவளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவளுடைய அத்தை வீட்டில் இருக்கிறாள். இறந்துபோன அப்பாவின் அக்கா. நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து அதே பேருந்துத் தடத்தில் இன்னும் ஒன்றரை மணி நேரம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கு அடுத்து, நீலப் பலகை போட்ட ஒரு சலவைக் கடை. ஓட்டல் படுக்கை விரிப்புகளை மொத்தமாக வெளுத்துக் கொடுக்கிறார்கள். அத்தை கெட்டவர் அல்ல, வாய்தான் நீளம்.

மே 28ஆம் தேதி காலை ஆறு நாற்பது பேருந்தில் அம்மாவே கூட்டிப்போய் விட்டுவிட்டு மாலையே திரும்பிவிட்டார். ஒரு பை. பள்ளிப் புத்தகங்கள் அதில் இல்லை. மாடியிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்து நின்று இறங்கினாள். தம்பிகள் இருவரும் பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினார்கள். அவர்களுக்கு அக்கா ஊருக்குப் போகிறாள் என்ற குஷி.

மகளை அடித்ததாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் சத்தமே இல்லை. அம்மா இப்போது ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஷிப்டாகப் பார்க்கிறார்.

இவ்வளவுதான் விசாரித்ததில் தெரிந்தது. நீங்கள் போவதானால் சீக்கிரம் போவது நல்லது என்று நினைக்கிறேன்.

திருத்துநர்


ஜூன் 29

ஐயா,

கூரியரில் அனுப்புகிறேன், அவசரம். அக்கா போனிலிருந்து உங்களுக்கு நாலு தடவை அடித்தேன். புது நம்பர் என்று எடுக்கவில்லை போலிருக்கிறது. உங்களுக்குத் தெரியாத நம்பர் என்றாலே பயம்.

இன்று போனேன். நீலப் பலகை, டயர் கடை, எல்லாம் நீங்கள் எழுதியபடி இருந்தது. உள்ளே ஒரே ஆவி. ஈர விரிப்புகளைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அத்தை இஸ்திரி மேசையில் நின்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீதானே அந்த ரேடியோக்காரி?”

“ஆமாங்க.”

“மைக்கு எங்க, பைக்குள்ள இருக்கா? சொல்லிடும்மா, நான் தலையைச் சீவிட்டு வரேன்.”

பையைத் திறந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “பின்னாடி இருக்கா. பாத்துட்டுப் போ. அழ வைக்காதே, ஏற்கெனவே சாப்பிடறதில்ல” என்றார்.

துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள். ஐயா, அவளுக்குப் பதினாறு வயசு. உட்கார்ந்திருந்த விதம் அறுபது. நெற்றியைத் தொட்டேன். என் கை சுட்டது. நான் யார் என்று சொன்னதும் சிரித்தாள்.

“உங்க குரல் ரேடியோவுல கொஞ்சம் குண்டா இருக்கும்கா.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் உறையின் மூலையைச் சரிபார்த்து மடித்தாள். “புதன்கிழமை போலாம்னு முடிவே பண்ணிட்டேன்கா. கடையில லீவு கூட கேட்டுட்டேன். சனிக்கிழமையே தெரிஞ்சிருச்சு.” அதற்கு மேல் குற்றமாக ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யாரால் வந்தது, எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்டுவிட்டார்களாம். வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் முந்தையதைக் கேட்கவில்லை. அவளாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “நான் காய்ச்சல் மாத்திரை குடுத்துட்டுத்தான் இருக்கேன். அவ அம்மா ஒரு வார்த்தை சொல்லாம ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன். ஊசி, ஆபரேஷன்னு எதையாவது சொன்னா கையெழுத்துப் போட நான் யாரு? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலையிலதான் விடியும். அவளானா, பிள்ளையைக் கொண்டாந்து விட்ட நாள்லேர்ந்து என் போனையே எடுக்க மாட்டேங்கறா. நான் என்ன அநாதை இல்லமா நடத்தறேன்?” சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆவியாகவும் இருக்கலாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் அம்மா அத்தைக்குப் போன் செய்து “கூட்டிட்டுப் போ” என்று சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தை. என்னைப் பார்த்தால் அவர் கத்தரிக்கோலை எடுப்பார். அந்த வீட்டில் நடப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிகிறது. யார் மூலமாகத் தெரிகிறது என்று இப்போது கேட்கவில்லை. அந்த ஆளையாவது அனுப்புங்கள், இல்லை நீங்களே போங்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே போங்கள்.

பொறுப்பாளர்


ஜூலை 4

பொறுப்பாளர் அம்மாவுக்கு,

நேற்று அவள் அம்மா அத்தைக்குப் போன் செய்துவிட்டார். உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆனால் உங்கள் கடிதம் எனக்குக் கிடைத்தது ஜூன் 30. நடுவில் மூன்று நாள் போனது எப்படி என்று நான் சொல்லியாக வேண்டும்.

முதல் நாள் அவரிடம் பேச வேண்டியதை எழுதிக்கொண்டேன். எழுதியது நன்றாகவே வந்தது. அதைச் சொல்வதைவிடக் கொடுத்துவிடுவது மேல் என்று தோன்றியது. நல்ல தாளில் படி எடுத்து, மடித்து, அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கதவுக்கடியில் தள்ளினேன்.

இரண்டாம் நாள் பதிலுக்குக் காத்திருந்தேன். அவர் யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தொந்தரவு செய்யக் கூடாது என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் மழை. கட்டடத்து முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் இரட்டையர் இருவரும் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய கப்பல், கெட்டித் தாள். பக்கவாட்டில் ‘தாமதிக்க வேண்டாம்’ என்ற என் கையெழுத்து கரைந்துகொண்டிருந்தது. “தாத்தா, எங்க கப்பல் முழுவவே இல்ல பாத்தீங்களா!” என்றான் ஒருவன்.

அவர் மாலை ஷிப்டுக்கு இறங்கும்போது படியில் நிறுத்தினேன். எழுதியது ஒன்றும் நினைவில்லை. “பொண்ணுக்குக் காய்ச்சல். உடனே டாக்டரைப் பாக்கணும். நீங்க போன் பண்ணணும்” என்றேன்.

“உங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?”

“தெரியும்.”

“ஊருக்கே தெரிஞ்சது உங்களுக்கு மட்டும் தெரியாமலா இருக்கும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். “நான் எடுத்துப் பேசினா அவ அழுவா. அவ அழுதா நான் போய்க் கூட்டிட்டு வந்துருவேன். கூட்டிட்டு வந்தா இந்தத் தெருவுல அவ எப்படி நடப்பா? அதான்யா போனை எடுக்கல.” என் போனைக் கேட்டு வாங்கி, அத்தையின் எண்ணை மனப்பாடமாக அழுத்தினார்.

அவருக்கு மகள் மேல் கோபம் என்று நாம் எல்லோரும் நினைத்தோம்.

மூன்று நாள். வேறொருவராக இருந்தால் மூன்று நிமிடம்.

திருத்துநர்


ஜூலை 13

தாத்தா,

இந்தத் தடவை கை வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. களைப்பாக இருக்கலாம்.

மூன்றாம் தேதி இரவே சேர்த்தோம். மாத்திரைக்குக் கேட்கவில்லை, ஊசிக்கும் கேட்கவில்லை. ஆறாம் தேதி ஆபரேஷன். அம்மா முதல் நாளே வந்துவிட்டார். கையெழுத்து அவர்தான் போட்டார். பெயரை எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ்தான் மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

உயிருக்கு ஆபத்தில்லை. கருக்குழாய் இரண்டிலும் சீழ் பிடித்திருந்ததாம், எடுத்துவிட்டார்கள். பிள்ளை பெறுவது கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். தானாக நடக்காது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். “ஒன்றரை மாசம் முன்னாடி வந்திருந்தா பத்து நாள் மாத்திரையோட போயிருக்கும்மா. யாரும் சொல்லித் தரலையா இவளுக்கு?” என்று என்னைத்தான் கேட்டார். நான் அங்கே அக்கா மாதிரி நின்றிருந்தேன்.

மூன்று நாள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். மூன்று நாளால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்காகத்தான் கேட்டேன். மே 24க்குப் பிறகு வந்த அந்தப் புதன்கிழமை போயிருந்தால் மாறியிருக்கும்.

அவளிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. பாதி புரிந்திருக்கிறது. நேற்று அம்மாவிடம், “தம்பிங்க ரெண்டு பேரையும் வளத்தாச்சும்மா, எனக்கு அது போதும்” என்றாள். அம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அத்தை சத்தமாகப் பேசினார், விரிப்பு அழுக்காக இருக்கிறது, இதைத் தன்னிடம் கொடுத்தால் எப்படி வெளுத்துத் தருவார் என்று.

பிறகு நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அவள் கேட்டாள், “அக்கா, எங்க கீழ்வீட்டுத் தாத்தா உங்க ரேடியோவுக்குத்தானே வருவாரு? நல்லா இருக்காரா? நான் வந்தப்புறம் வாசப்படியில தட்டுத் தடுமாறாம இருக்காரான்னு கேக்கணும். மூணாவது படி உடைஞ்சிருக்கும், அவருக்கு இருட்டுல கண்ணு தெரியாது.”

நீங்கள் அவள் கீழ்வீடா?

அவள் சுவரைப் பிடித்து இறங்கியது, பையின் இரண்டு காது, ஆறு நாற்பது பேருந்து, அந்த வீட்டில் சத்தம் இல்லாதது. எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் படித்தேன். யாரையும் விசாரிக்காமல் எழுதியது அது. பார்த்துக் கேட்டு எழுதியது.

ஸ்கிரிப்டைத் திருத்தியது நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரியாது. ரேடியோவில் யாரோ தப்பாகப் படித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லலாமா, வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. என்ன நடந்தது என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள். அப்புறம் அதை நீங்களே முடிவு பண்ணுங்கள்.


ஜூலை 19

அன்புள்ள பொறுப்பாளர் அம்மாவுக்கு,

ஆம். கீழ்வீடு. அவர்கள் முதல் மாடி, நான் தரைத்தளம். பதினொரு வருடம்.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு மாலை அவள் படிக்கட்டில் முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்ல தாத்தா, செருப்பு வார் அறுந்துபோச்சு” என்றாள். வார் அறுந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே கண்டேன். கழிப்பறைக் குழாய் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். அவள் அழுவது அதன் வழியாகக் கேட்கும். வலியில் அழுகிற அழுகை வேறு மாதிரி இருக்கும். அது எனக்குத் தெரியும்.

அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை மாடி ஏறினேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் தயாராக வைத்திருந்தேன். முதல் முறை கதவைத் தட்டாமல் திரும்பினேன். இரண்டாம் முறை தட்டினேன். அவர் திறந்து, “என்னங்கய்யா, கீழ தண்ணி வரலையா?” என்றார். “ஆமாம்மா, தண்ணிதான்” என்றேன். ஒரு குடம் நிரப்பி, தானே கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சீட்டு வந்தது. எங்கள் கட்டடத்தில் படி கழுவும் முறை அட்டவணையை மாதாமாதம் எழுதி ஒட்டுகிறவள் அவள். அந்தக் கையெழுத்தை நான் தினமும் படித்துக்கொண்டுதான் வெளியே போகிறேன். இரட்டைத் தம்பிகள் என்ற வரி வரை போக வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் குலுக்கியிருந்த மளிகைக் கடையை நான் அடித்தபோது கை தன் பழக்கத்தில் போகவில்லை. நான் நன்றாக யோசித்தேன். தையல் கூடத்தில் அவள் அம்மா கேட்பார். விவரம் சரியாக இருந்தால் புரிந்துகொள்வார். புரிந்துகொண்டு சத்தமில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். என் வாயால் சொல்ல முடியாததை விசிலின் வாயில் வைத்தேன். பதினைந்து வயதுக் குழந்தை, என் கையெழுத்தை நம்பிப் படித்தாள். மற்ற முப்பத்தொன்பது மிஷினை நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பது உண்மைதானா என்று இந்த இரண்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நினைத்திருந்தும் அது என் பொறுப்பில்லை என்று விட்டிருக்கலாம். அந்த அளவுக்குப் பயந்தவன் நான்.

வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா என்று அவள் கேட்டிருந்த அதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தேன்.

அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இருக்கிற வேதனை போதும், ஒரு கீழ்வீட்டுத் தாத்தாவாவது மிஞ்சட்டும் என்று காரணமும் கிடைத்தது. படித்துப் பார்த்தபோது, அந்தக் காரணத்தில் மிஞ்சுகிறவன் நான்தான். பிறகு, இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள் என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். மறுபடியும் இன்னொருவர் வாய்.

நேற்று மாடி ஏறினேன். அவள் அம்மா இரண்டு நாள் துணி எடுத்துப்போக வந்திருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்க் குடத்தையும் சொன்னேன். அவர் கையில் மடித்த துணியோடு நின்றார். கதவைச் சாத்தவில்லை. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உள்ளே ஒரு பையன், “யாரும்மா?” என்றான். “யாருமில்ல” என்றார். நான் இறங்கி வந்தேன்.

வரும் சனிக்கிழமை ஆறு நாற்பது பேருந்தில் வருகிறேன். அவள் பார்க்க மாட்டேன் என்றால் வெளியே இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பார்க்கிறேன் என்றால், நீங்கள் கூட இருக்க வேண்டாம். நான் தயங்கினால் நீங்கள் எடுத்துச் சொல்லிவிடுவீர்கள். சொல்ல வேண்டியது என்னவென்று எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

என் முதல் கடிதத்தின் நகல் இதோ முன்னால் இருக்கிறது. அதில் ஒரு திருத்தம். இரண்டாவது குறிப்பு தவறு. அந்தச் சீட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும்.